டேபிளில் ஒரு பகுதிக்குள் மட்டும் சொல் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் கடை பில்லிங், பார்சல் பதிவு, சங்க நிர்வாகம் என்று சின்னச் சின்ன மென்பொருள் எழுதுகிறவர்கள் நிறைய. டேபிள் முழுக்கச் சொல் தேடுவதை எல்லோரும் எப்படியோ கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதில் ஒரு துண்டுக்குள் மட்டும் தேட வேண்டும் என்று வரும்போதுதான் ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்தான். எண்ணூர் முதல் ராயபுரம் வரை பல குடியிருப்போர் சங்கங்கள் தெருப் புகார்களைப் பதியும் டேபிள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் 'புகார்கள்'. அதில் எண், சங்கம், மண்டலம், நிலை, தேதி, தலைப்பு, விவரம் என்ற நெடுவரிசைகள். மண்டலத்துக்கு மாநகராட்சி எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்: வேர் என்றால் நிபந்தனை தொடங்கும் இடம், அண்ட் என்றால் 'மற்றும்', ஆர் என்றால் 'அல்லது', லைக் என்றால் அந்த எழுத்துக்கோவை உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது. எடிட்டரில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

வேர் மண்டலம் = 4 என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடாதா?

டேபிளில் சில ஆயிரம் வரிகள்தான் இருக்கின்றன என்றால் முடிந்துவிடும். வேர் மண்டலம் = 4 அண்ட் விவரம் லைக் '%சாக்கடை%' என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இதற்கு மேல் எதையும் நிறுவாதீர்கள், யாராவது சொன்னார்கள் என்பதற்காக.

வரிகள் லட்சக்கணக்கில் போகும்போது, முடிவுகளைத் தர வரிசைப்படுத்தும்போது, ஒருவர் டேட்டா இன்னொருவர் கண்ணில் படக்கூடாது என்னும்போது இந்த ஒரு வரி போதாது. எல்லையை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும். வேகம் மட்டும் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள்.

எல்லை போட்டிருக்கிறேன், ஆனாலும் மற்ற மண்டலத்துப் புகார்களும் வருகின்றன. ஏன்?

பத்தில் ஒன்பது முறை காரணம் அடைப்புக்குறி. இப்படி எழுதியிருப்பீர்கள்:

வேர் மண்டலம் = 4 அண்ட் தலைப்பு லைக் '%சாக்கடை%' ஆர் விவரம் லைக் '%சாக்கடை%'

எஸ்க்யூஎல்லில் ஆர்-ஐ விட அண்ட் இறுக்கமாகப் பிடிக்கும். ஆகவே டேட்டாபேஸ் இதை "நான்காம் மண்டலத்தில் தலைப்பில் சாக்கடை உள்ளவை, அல்லது எந்த மண்டலமானாலும் விவரத்தில் சாக்கடை உள்ளவை" என்று படிக்கும். இரண்டு லைக்-களையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், சரியாகிவிடும்.

முதலில் தலைப்பில் மட்டும் தேடும்படி எழுதியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து "விவரத்திலும் தேடணும்" என்று சங்கத்திலிருந்து கேட்பார்கள், கடைசியில் ஓர் ஆர் ஒட்டப்படும். சோதனை டேட்டாவில் ஒரே மண்டலம்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. லைவில் போன பிறகு தெரியும்.

முதலில் தேடி 20 முடிவு வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் பைத்தானில் மண்டலத்தைப் பார்த்து வடிகட்டுகிறேன். தப்பா?

தப்புதான், மெதுவாக இருக்கும் என்பதற்காக அல்ல. விடையே தவறாக வரும்.

மழை விடாமல் பெய்த ஒரு நாள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கத்திலிருந்து காலையிலேயே நூற்றுக்கணக்கான 'சாக்கடை' புகார்கள் வந்து விழுகின்றன. அன்று மணலியில் இருந்தும் எட்டுப் புகார்கள். மணலிச் சங்கச் செயலாளர் தன் பக்கத்தைத் திறந்து 'சாக்கடை' என்று தேடுகிறார். உங்கள் நிரல் டேபிள் முழுக்கத் தேடி, புதியதிலிருந்து 20 எடுத்துக்கொள்கிறது. அந்த 20-ம் வியாசர்பாடிப் பக்கத்துடையவை. பிறகு மண்டலம் 2 மட்டும் வேண்டும் என்று வடிகட்டினால் மிச்சம் பூஜ்யம். செயலாளர் திரையில் "புகார் எதுவும் இல்லை" என்று வருகிறது. எட்டும் டேபிளில் பத்திரமாக இருக்கின்றன.

200 எடுத்துக்கொண்டு வடிகட்டலாமே என்று அடுத்து தோன்றும். அடுத்த மழைக்கு 200-ம் போதாது. பக்க எண்ணும் குழம்பும்: முதல் பக்கத்தில் மூன்று, இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமில்லை, மூன்றாம் பக்கத்தில் பதினொன்று என்று வரும். காசிமேட்டில் கண்ணை மூடி 20 மீனை அள்ளிவிட்டு, அதில் வஞ்சிரம் எத்தனை என்று பார்க்கிற கதை. லிமிட், அதாவது எத்தனை வரி வேண்டும் என்ற வரம்பு, எப்போதும் எல்லைக்குப் பின்னால்தான் வர வேண்டும். அதாவது மண்டலமும் சொல்லும் இரண்டும் ஒரே க்வெரியில், டேட்டாபேஸுக்கு உள்ளேயே.

மண்டல நிபந்தனையை முதலில் எழுதினால் அது முதலில் ஓடுமா?

ஓடாது. ஓடினாலும் நீங்கள் எழுதிய வரிசையால் அல்ல. வேருக்குள் இருக்கும் நிபந்தனைகளை எந்த வரிசையில் சரிபார்ப்பது என்பது பிளானரின், அதாவது க்வெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் டேட்டாபேஸ் பகுதியின், முடிவு. எந்த இன்டெக்ஸ் (வரிகளை வேகமாகக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) இருக்கிறது, எத்தனை வரி தேறும் என்று கணக்குப் போட்டு அது முடிவெடுக்கிறது.

உள்ளே ஒரு செலக்ட் எழுதி மண்டலத்தைக் கட்டிவிட்டு, வெளியே சொல்லைத் தேடினாலும் இதே கதைதான். பெரும்பாலும் பிளானர் இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வித் என்று பெயர் வைத்து முன்னால் எழுதும் துணை க்வெரி பழைய பதிப்புகளில் தனியாக ஓடும். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே முறை பயன்படும் எளிய வித் பகுதியையும் அது உள்ளே கரைத்துவிடுகிறது. தனியாகத்தான் ஓட வேண்டும் என்றால் மெட்டீரியலைஸ்டு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்னால் உள்ளே தேறிய வரிகளுக்கு இன்டெக்ஸ் எதுவும் இருக்காது, சொல்லை வரிவரியாகப் பார்க்கும். ஒரு மண்டலத்தில் ஐந்தாயிரம் வரி என்றால் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஐந்து லட்சம் என்றால் பிரச்சினை.

ஊகிப்பதை விட எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பாருங்கள். அதில் 'ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்' என்ற வரிக்குப் பக்கத்தில் பெரிய எண் இருந்தால், தேவையில்லாததை எல்லாம் எடுத்துப் பார்த்துத் தூக்கிப்போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

லைக் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

முன்னால் இருக்கும் % குறிதான் காரணம். சாதாரண இன்டெக்ஸ் எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டது. சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்றே தெரியாதபோது அதைப் பயன்படுத்த வழியில்லை. ஆனால் மண்டலத்துக்கு ஓர் இன்டெக்ஸ் இருந்தால் அந்த மண்டலத்து வரிகளை மட்டும் எடுத்து அவற்றில் லைக்-ஐ ஓட்டும். பல கடை மென்பொருள்களுக்கு இதுவே தாராளம். இன்னொன்று: பயனர் '100%' என்று தேடினால் அந்த % குறியும் 'எதுவேண்டுமானாலும்' என்றுதான் புரிந்துகொள்ளப்படும். அடிக்கோடும் அப்படித்தான், ஏதாவது ஓர் எழுத்துக்கு நிற்கும். இரண்டையும் எஸ்கேப் செய்துவிட்டு க்வெரிக்குள் அனுப்புங்கள்.

போஸ்ட்கிரெஸில் சரியான வழி எது?

நான்கு வழிகள் உண்டு. நான் முயலச் சொல்லும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, ஒன்றும் விசேஷமாகச் செய்யாமல் இருப்பது. விவரத்திலிருந்து ஒரு டிஎஸ்வெக்டர் நெடுவரிசை (விவரத்தைச் சொற்களாகப் பிரித்து வைப்பது), அதன் மேல் ஒரு ஜின் இன்டெக்ஸ் (எந்தச் சொல் எந்த வரிகளில் என்று காட்டுவது), மண்டலத்தின் மேல் சாதாரண இன்டெக்ஸ். 12-ஆம் பதிப்பு முதல் அந்த டிஎஸ்வெக்டரை ஜெனரேட்டட் நெடுவரிசையாக வைத்துவிட்டால் டிரிகர் எழுத வேண்டியதில்லை. தேவைப்பட்டால் போஸ்ட்கிரெஸ் இரண்டு இன்டெக்ஸிலிருந்தும் தேறிய வரிகளின் பிட்மேப்பை எடுத்து, இரண்டிலும் பொதுவானதை மட்டும் படிக்கும். ஆறு மண்டலம் போன்ற சிறிய பிரிவினைக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

இரண்டாவது, பிட்ரீ ஜின் என்ற எக்ஸ்டென்ஷன். ஜின் இன்டெக்ஸ் தானாக ஒரு முழு எண்ணை ஏற்காது. இந்த எக்ஸ்டென்ஷனை நிறுவினால் சங்க எண்ணையும் டிஎஸ்வெக்டரையும் ஒரே ஜின் இன்டெக்ஸில் சேர்த்து வைக்கலாம். சங்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்து, ஒவ்வொரு தேடலும் ஒரு சங்கத்துக்குள் மட்டும் என்றால் இதுதான் என் தேர்வு.

மூன்றாவது, பார்ஷியல் இன்டெக்ஸ். இன்டெக்ஸ் உருவாக்கும்போதே வேர் நிலை = 'திறந்தது' என்று சேர்த்துவிட்டால், தீர்ந்துபோன புகார்கள் அந்த இன்டெக்ஸுக்குள் நுழையவே நுழையாது. பத்து லட்சம் புகாரில் நாற்பதாயிரம்தான் திறந்திருக்கிறது என்றால் இன்டெக்ஸ் அந்த நாற்பதாயிரத்துக்கு மட்டும்தான். எழுதும்போதும் சுமை குறைவு. ஆனால் மண்டலத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று நூறு பார்ஷியல் இன்டெக்ஸ் கட்டாதீர்கள். ஒவ்வொரு முறை வரி சேர்க்கும்போதும் அந்த நூறு நிபந்தனையையும் அது பார்க்க வேண்டியிருக்கும்.

நான்காவது பார்ட்டிஷன். டேபிளையே மண்டலவாரியாகவோ மாதவாரியாகவோ பிரிப்பது. 10-ஆம் பதிப்பிலிருந்து இதை டேபிள் வரையறையிலேயே எழுதலாம். பழைய மாதங்களை மொத்தமாகக் கழற்றி வைக்க வேண்டும் என்ற தேவை இருந்தால் செய்யுங்கள். தேடலுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன்.

பார்ஷியல் இன்டெக்ஸ் போட்டிருக்கிறேன், பிளானர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது.

உங்கள் க்வெரியில் உள்ள நிபந்தனையிலிருந்து இன்டெக்ஸின் நிபந்தனை கட்டாயம் பிறக்கிறது என்று பிளானருக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். நீங்கள் நிலை = 'திறந்தது' என்று எழுதாமல், நிலை = பாராமீட்டர் என்று அனுப்பினால், பொதுவான ஒரு திட்டம் போடும் நேரத்தில் அதன் மதிப்பு என்னவென்று அதற்குத் தெரியாது. 'மூடியது' என்று வந்துவிட்டால் விடை தவறாகிவிடுமே என்று ஒதுங்கிக்கொள்கிறது. மாறாத இந்த ஒரு மதிப்பை மட்டும் நிரலிலேயே எழுதிவிடுங்கள். பயனர் தட்டிய தேடல் சொல் எப்போதும் பாராமீட்டராகவே போகட்டும்.

"கடந்த 90 நாள்" என்று இன்டெக்ஸுக்குள் வைக்க முயல்பவர்களும் உண்டு. முடியாது. இன்டெக்ஸ் நிபந்தனையில் நேரத்துக்கு நேரம் விடை மாறும் நவ் போன்ற ஃபங்ஷனை போஸ்ட்கிரெஸ் ஏற்காது. மாதவாரிப் பார்ட்டிஷன் வைத்துக்கொள்ளலாம், அல்லது நிலையான ஒரு தேதியை எழுதி அவ்வப்போது இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டலாம்.

சில சொற்களுக்கு உடனே வருகிறது, சில சொற்களுக்கு அரை நிமிடம் ஆகிறது. அதே க்வெரிதான்!

ஆர்டர் பை தேதி, லிமிட் 20 என்று இருக்கிறதா? இருக்கும். பிளானர் சிலசமயம் தேதி இன்டெக்ஸைப் பின்னாலிருந்து நடந்துபோய், ஒவ்வொரு வரியிலும் மண்டலமும் சொல்லும் பொருந்துகிறதா என்று பார்த்து, 20 சேர்ந்ததும் நின்றுவிடலாம் என்று திட்டம் போடும். 'சாக்கடை' என்றால் சீக்கிரம் 20 சேரும். 'பாம்பு' என்று ராயபுரத்துக்குள் தேடினால், மொத்தமே இரண்டு புகார்தான் இருக்கும். 20 சேரவே சேராது. டேபிளின் மறுமுனை வரைக்கும் நடந்துவிடும். அடிக்கடி வரும் சொல்லுக்கு வேகம், அபூர்வமான சொல்லுக்கு ஆமை நடை என்றால் இதுவாகத்தான் இருக்கும். தேடலை மெட்டீரியலைஸ்டு வித்துக்குள் வைத்து, வெளியே வந்து வரிசைப்படுத்துவது எளிய மருந்து. வித் பகுதி தனியாக ஓடும் என்று மேலே சொன்னது இங்கே உதவும்.

மைஎஸ்க்யூஎல்லில்?

இங்கே கை கொஞ்சம் கட்டப்பட்டிருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியில் 5.6 பதிப்பு முதல் ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸ் இருக்கிறது. ஆனால் அதில் தேட மேட்ச் அகெய்ன்ஸ்ட் எழுதினால் அந்த டேபிளுக்கு அது ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸைத்தான் எடுக்கும். மண்டல இன்டெக்ஸையும் கூடச் சேர்த்துக்கொள்ளாது. சொல் உள்ள எல்லா வரிகளையும் எடுத்து, பிறகு மண்டலத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும். விடை சரியாகவே வரும், உழைப்புதான் அதிகம். எண் நெடுவரிசையை ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸுக்குள் சேர்க்கவும் முடியாது, பார்ட்டிஷன் செய்த டேபிளில் ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸும் கிடையாது.

பழைய ஆட்கள் செய்யும் உத்தி ஒன்று இருக்கிறது. 'குறிச்சொல்' என்று ஓர் எழுத்து நெடுவரிசை சேர்த்து, அதில் சோன்எக்ஸ்04 மாதிரி யாரும் எழுதாத ஒரு சொல்லை வைக்க வேண்டும். அதையும் விவரத்தையும் சேர்த்து ஒரே ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸ். தேடும்போது பூலியன் முறையில் அந்தச் சொல்லுக்கு முன்னாலும் பயனர் சொல்லுக்கு முன்னாலும் கூட்டல் குறி. இப்போது எல்லையும் ஒரு சொல்லாகிவிட்டதால் இன்டெக்ஸுக்குள்ளேயே வெட்டப்படுகிறது. குறிச்சொல் குறைந்தது மூன்று எழுத்தாவது இருக்கட்டும். இன்னோடிபி இயல்பாக அதற்குக் குறைந்ததை இன்டெக்ஸில் சேர்க்காது. பயனர் தட்டும் கூட்டல், கழித்தல், மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு அனுப்புங்கள். அப்படிச் செய்தாலும் மண்டலம் = 4 என்ற சாதாரண நிபந்தனையையும் விட்டுவிடாதீர்கள். குறிச்சொல் வேகத்துக்கு, அது காவலுக்கு.

மொபைல் ஆப்பில் எஸ்க்யூலைட் வைத்திருக்கிறேன். 'மணலி' என்று தேடினால் மணல் லாரிப் புகாரெல்லாம் வருகிறது!

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே காத்திருக்கும் பொறி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எஸ்க்யூலைட்டின் சொல் தேடும் பகுதியான எஃப்டிஎஸ்5, வரும் வாக்கியத்தை டோக்கன்களாக, அதாவது இன்டெக்ஸில் சேரும் துண்டுகளாக, வெட்டும். அதன் இயல்பான டோக்கனைஸர் யூனிகோட்61. எழுத்து, எண் என்று யூனிகோட் வகைப்படுத்தியவற்றைத்தான் அது சொல்லின் பகுதியாகக் கருதும். தமிழில் ம, ண, ல எல்லாம் எழுத்து வகை. ஆனால் துணைக்கால், கொம்பு, மேல்விலங்கு, புள்ளி ஆகியவை யூனிகோடில் 'குறி' வகை. டோக்கனைஸருக்கு அவை இடைவெளி மாதிரி. அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிட்டு, குறியைத் தூக்கி எறிந்துவிடும்.

மணலி என்பது ம, ண, ல, அதன் பின் விலங்கு. விலங்கு போனால் மிச்சம் 'மணல'. மணல் என்பது ம, ண, ல, அதன் பின் புள்ளி. புள்ளி போனாலும் அதே 'மணல'. இரண்டும் இன்டெக்ஸில் ஒரே டோக்கன். தண்டையார்பேட்டை இன்னும் மோசம்: தண, ட, ய, ர, ப, ட, ட என்று ஏழு துண்டாகிவிடும். தேடும் சொல்லும் அதேபோல வெட்டப்பட்டு அடுத்தடுத்துத் தேடப்படுவதால் பல நேரம் தற்செயலாகச் சரியான விடை வந்துவிடும். அதனால்தான் இந்தக் கோளாறு நாள்கணக்கில் கண்ணில் படுவதில்லை.

மருந்து எளிது. எஃப்டிஎஸ்5 டேபிளை உருவாக்கும்போது டோக்கனைஸருக்கு கேட்டகரீஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்து, இயல்பாக உள்ள எல், என், சிஓ வகைகளோடு எம் வகையையும் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் டேபிளில் மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி நிரப்ப வேண்டும்.

மண்டல எல்லைக்கு வருவோம். எஃப்டிஎஸ்5 டேபிளில் மண்டலத்தை அன்இன்டெக்ஸ்டு என்று குறித்தால் அதன் மதிப்பு சேமிக்கப்படும், சொல் தேடலில் சிக்காது. '4' என்று தேடினால் நான்காம் மண்டலம் முழுக்க வந்து கொட்டாமல் இருக்க இது அவசியம். ஃபோனில் இருக்கும் அளவு டேட்டாவுக்கு, ரோஐடி வழியாக மூல டேபிளோடு ஜாயின் செய்து அங்கே மண்டலத்தைப் பார்ப்பதே போதும்.

என்னிடம் மண்டல நெடுவரிசையே இல்லை, முகவரி மட்டும்தான். அதில் ஊர்ப் பெயர் லைக் போட்டுப் பகுதி பிரிக்கலாமா?

வட சென்னையில் கூடவே கூடாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை பழைய வண்ணாரப்பேட்டையையும் தண்டையார்பேட்டையையும் தாண்டித்தான் திருவொற்றியூர் போகிறது. முகவரியில் 'திருவொற்றியூர்' என்று தேடினால் அந்த ரோட்டில் இருக்கும் வண்ணாரப்பேட்டைக் கடைகளெல்லாம் முதல் மண்டலத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணூர் விரைவுச்சாலையும் அதே ரகம். 'வண்ணாரப்பேட்டை' என்று தேடினால் பழையதும் வரும், புதுவண்ணாரப்பேட்டையும் வரும். பாதிப் பேர் டி.எச். ரோடு என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் எதிலும் வரமாட்டார்கள்.

வேற்றுமை உருபு வேறு. "ராயபுரத்தில் தெருவிளக்கு எரியவில்லை" என்ற வரியில் 'ராயபுரம்' என்ற எழுத்துக்கோவை இல்லவே இல்லை. ம் போய் த்து வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கும் ஸ்டெம்மர் (விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லாக்குவது) உண்டு. விவரத்தில் தேட அது உதவும். எல்லை பிரிக்க அதை நம்பாதீர்கள்.

அப்புறம் கொருக்குப்பேட்டையும் கொடுங்கையூரும். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட்டுகளை ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு சொல். உள்ளே வரும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப்பட்டவற்றை ஒரே குறியாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது. தேடும் சொல்லையும் மாற்ற மறக்காதீர்கள்.

ஆகவே, ஒரு முறை உட்கார்ந்து மண்டல எண்ணை எண்ணாகவே ஒரு நெடுவரிசையில் நிரப்புங்கள். புதிதாகப் பதியும்போது டிராப்டவுனில் தேர்ந்தெடுக்க வையுங்கள். பின்கோடு கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அது தபால் பட்டுவாடாவுக்குப் பிரிக்கப்பட்டது. மண்டல எல்லையோடு அச்சாகப் பொருந்தாது.

வரிகளை அல்ல, நெடுவரிசையைக் கட்டுப்படுத்த வேண்டும். தலைப்பில் மட்டும் தேடுவது எப்படி?

எஃப்டிஎஸ்5-இல் தேடும் சொல்லுக்கு முன்னால் நெடுவரிசைப் பெயரும் முக்காற்புள்ளியும் போட்டால் போதும். போஸ்ட்கிரெஸில் டிஎஸ்வெக்டர் கட்டும்போது செட்வெயிட் மூலம் தலைப்புக்கு ஏ, விவரத்துக்கு பி என்று முத்திரை குத்தி, தேடும்போது சொல்லுக்குப் பின்னால் முக்காற்புள்ளி ஏ போடலாம். ஒரே இன்டெக்ஸ் இரண்டுக்கும் உதவும். மைஎஸ்க்யூஎல் இன்னோடிபியில் மேட்சில் கொடுக்கும் பட்டியலும் இன்டெக்ஸின் பட்டியலும் அப்படியே பொருந்த வேண்டும் என்பதால் தலைப்புக்குத் தனி ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸ் தேவை.

பகுதிக்குள் தேடும்போது தர வரிசையும் அந்தப் பகுதியை வைத்துத்தான் கணக்காகுமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. ஆகாது.

மைஎஸ்க்யூஎல்லும் எஃப்டிஎஸ்5-இன் தர வரிசைக் கணக்கான பிஎம்25-ம் ஒரு சொல் எவ்வளவு அபூர்வம் என்பதை டேபிள் முழுக்க வைத்துக் கணக்கிடுகின்றன. ஆலைகள் சூழ்ந்த மணலி, எண்ணூர் பக்கம் 'வாடை' என்ற சொல் புகாருக்குப் புகார் வரலாம். ராயபுரத்தில் அபூர்வமாக வரலாம். ராயபுரத்துக்குள் 'வாடை தண்ணீர்' என்று தேடும்போது, அங்கே அபூர்வமான 'வாடை'க்குக் கிடைக்க வேண்டிய எடை, மணலிப் புகார்களால் குறைந்துபோகும். போஸ்ட்கிரெஸின் டிஎஸ்ரேங்க் இந்த வம்புக்கே போவதில்லை. அது அந்தந்த வரியை மட்டும் பார்க்கிறது, மற்ற வரிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் பகுதி மாறினாலும் மதிப்பெண் மாறாது. அபூர்வச் சொல்லுக்கு மரியாதையும் கிடையாது. புகார் டேபிளுக்குத் தேதி வரிசையே போதும் என்பது என் எண்ணம்.

ஒரு சங்கத்தின் புகார் இன்னொரு சங்கத்துக்குத் தெரியவே கூடாது. ஒவ்வொரு க்வெரியிலும் சங்க எண்ணை எழுதினால் போதுமா?

எழுதத்தான் வேண்டும். ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரே ஒரு க்வெரியில் மறந்தால் போயிற்று. போஸ்ட்கிரெஸில் 9.5 முதல் ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று டேட்டாபேஸே காவல் காப்பது, இருக்கிறது. சங்க எல்லையை டேபிளிலேயே பாலிசியாக எழுதிவிடலாம்.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். டேபிளின் சொந்தக்காரரை இயல்பாகப் பாலிசி கட்டுப்படுத்தாது; உங்கள் ஆப் அதே யூசராக இணைந்தால் எல்லாம் தெரியும். ஆப்புக்கு வேறு யூசர் வையுங்கள், அல்லது ஃபோர்ஸ் போடுங்கள். சூப்பர்யூசருக்கு எதுவுமே தடை இல்லை. அடுத்தது, பாலிசி போட்ட பிறகு தேடல் திடீரென்று மெதுவாகும். டிஎஸ்வெக்டரைப் பொருத்திப் பார்க்கும் ஆபரேட்டர் லீக்ப்ரூஃப் (டேட்டாவைக் கசியவிடாதது) என்று குறிக்கப்படவில்லை. ஆகவே பாலிசி சரிபார்க்கும் முன் அதை ஓட்ட போஸ்ட்கிரெஸ் அஞ்சுகிறது, உங்கள் ஜின் இன்டெக்ஸ் சும்மா கிடக்கிறது. சங்க எண்ணுக்குச் சாதாரண இன்டெக்ஸ் கட்டாயம் இருக்கட்டும். சங்கத்துக்குச் சில ஆயிரம் வரிதான் என்றால் அதுவே காப்பாற்றிவிடும்.

எலாஸ்டிக்சர்ச் அல்லது வெக்டர் தேடலுக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதல்லவா?

எலாஸ்டிக்சர்ச்சில் மண்டலத்தை மஸ்ட்-இல் போடாமல் ஃபில்டர்-இல் போடுங்கள். மதிப்பெண்ணில் கலக்காது, கேஷும் ஆகும். பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும் வெக்டரில் மேலே சொன்ன 20 மீன் சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது. போஸ்ட்கிரெஸுக்கான வெக்டர் எக்ஸ்டென்ஷனான பிஜிவெக்டரின் ஹெச்என்எஸ்டபிள்யூ இன்டெக்ஸ் இயல்பாக 40 வரியைத் தேடி எடுத்த பிறகே மண்டல நிபந்தனையைப் பார்க்கும். பத்தில் ஒரு பங்கு வரிதான் உங்கள் மண்டலம் என்றால் சராசரியாக நான்குதான் மிஞ்சும். 0.8 பதிப்பில் வந்த இட்டரேட்டிவ் ஸ்கேன் வசதியை இயக்கினால், போதிய வரி சேரும் வரை அல்லது அதற்கென்று வைத்த வரம்பு வரை மேலும் தேடும்.

எங்களிடம் டேட்டாபேஸே இல்லை, எக்செல்தான்.

தேட வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கன்ட்ரோல் எஃப் அழுத்துங்கள், அதற்குள் மட்டும் தேடும். பைத்தானில் பாண்டாஸ் என்றால் முதலில் மண்டலத்தால் சலித்துவிட்டு, பிறகு ஸ்ட்ரிங் கன்டெய்ன்ஸ். அது இயல்பாகத் தேடும் சொல்லை ரெஜெக்ஸாக (சில குறிகளுக்குத் தனி அர்த்தம் உள்ள தேடல் வடிவமாக) படிக்கும், 'எம்.சி. ரோடு' என்பதில் உள்ள புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்திவிடும். ரெஜெக்ஸ் = ஃபால்ஸ் என்றும், காலிக் கட்டங்களுக்காக என்ஏ = ஃபால்ஸ் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வேறு எங்கும் வராத ஒரு சொல்லை உருவாக்குங்கள். அதை இரண்டு மண்டலத்தில், தலைப்பில் ஒன்று, விவரத்தில் ஒன்று என்று நான்கு வரிகளில் போடுங்கள். ஒரு மண்டலத்துக்குள் தேடினால் சரியாக இரண்டு வர வேண்டும். அடுத்து, இன்னொரு மண்டலத்தில் அதே சொல்லோடு, பிந்தைய தேதியில் நூறு வரிகளைக் கொட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். அப்போதும் அதே இரண்டு வந்தால் லிமிட் சரியான இடத்தில் இருக்கிறது. மணலி, மணல் இரண்டையும் ஒவ்வொரு வரியில் வைத்து, ஒன்றைத் தேடி மற்றது வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றையும் தானியங்கிச் சோதனையாக எழுதிவிட்டால், அடுத்த முறை யாராவது ஓர் ஆர் ஒட்டும்போது அதுவே கத்தும்.